மொட்டு வந்த நேரம்

கல்யாணத்துக்கு முன்பு இருவரும் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் சேர்ந்திருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு இருபது நிமிடம். சொன்னால் யார் நம்புவார்கள்? ஊரில் எல்லாரும் சேர்ந்திருக்கத்தான் கல்யாணம் செய்துகொள்வார்கள். மெனக்கெட்டுக் கல்யாணம் செய்துகொண்டு பிரிந்துபோன ஜோடி, எனக்குத் தெரிந்து, இது ஒன்றுதான். சண்டை இல்லை, சச்சரவு இல்லை, ஒரே வீடு, ஒரே படுக்கை. இருந்தும் இருபது நிமிடம்தான்.

அவளை ஆலையில் மொட்டக்கா என்பார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் முதலில் அவள் தலையைப் பார்ப்பார்கள். தலையில் முடிக்கு ஒரு குறையும் இல்லை, இடுப்பு வரை தொங்கும். பெயர் வந்தது வேலையால். அது ரொட்டிக் கடைகளுக்கு ஈஸ்ட் செய்து அனுப்புகிற ஆலை. இரண்டு மாடி உயரத் தொட்டிகளில் கரும்புப்பாகை ஊற்றி, காற்றை ஊதி, ஈஸ்டைப் பெருக்குவார்கள். அது நன்றாகப் பெருகுகிறதா என்று பார்ப்பது மொட்டக்காவின் பொறுப்பு. தொட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, நீலச் சாயம் கலந்து, கட்டம் போட்ட கண்ணாடியில் விட்டு, மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து எண்ணுவாள். ஈஸ்ட் பார்ப்பதற்கு உருண்டையாக இருக்கும். வளர்கிற ஈஸ்டின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு மொட்டு கிளம்பும். அது பெருத்து, ஒன்றரை மணி நேரத்தில் தனியாகக் கழன்று, தானும் மொட்டு விடும். அப்படித்தான் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, தொட்டி நிறைகிறது. நூறில் எத்தனைக்கு மொட்டு இருக்கிறது, எத்தனை நீலமாகிவிட்டது என்று அவள் புத்தகத்தில் எழுத வேண்டும். நீலமானது செத்தது. உயிருள்ளது சாயத்தை உள்ளே விடாது, வெள்ளையாகவே நிற்கும்.

இருபத்தாறு வருடமாக எண்ணுகிறாள். ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை. அதற்கு அவள் பெரிய அரிச்சந்திரன் வம்சம் என்று அர்த்தமில்லை. வாயால் பொய் சொல்வாள், நன்றாகவே சொல்வாள். பக்கத்து வீட்டுக்காரி இஸ்திரிப்பெட்டியை இரவல் கேட்டால் ரிப்பேர் என்று கண்ணிமைக்காமல் சொல்வாள். கையில் பேனாவைப் பிடித்துவிட்டால் மட்டும் முடியாது. சின்ன வயதில் அவளுடைய அப்பா அஞ்சலகத்தில் வேலை பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கையில், "வாயில சொன்னது காத்தோட போயிரும், எழுதினது நின்னு பேசும்" என்பார். மற்ற புத்திமதி எல்லாவற்றையும் அந்தக் காதில் வாங்கி இந்தக் காதில் விட்டவளுக்கு இது மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டது.

அவர் தொட்டிக்காரர். பெரிய தொட்டியின் சூடு, காற்று, பாகு எல்லாம் அவர் கையில். அவள் புதிதாகச் சேர்ந்தபோது இருவருக்கும் ஒரே ஷிப்ட். மணிக்கொரு தரம் அவர் ஒரு குவளையில் ஈஸ்ட் கொண்டுவந்து கொடுப்பார். மற்றத் தொட்டிக்காரர்கள் வழிய வழியக் கொண்டுவந்து 'டங்'கென்று மேஜையில் வைப்பார்கள். அவர் மட்டும் குவளையின் வெளிப்பக்கத்தைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு வைப்பார். அவ்வளவுதான். வேறு வசனமோ பாட்டோ கிடையாது. அந்தத் துடைத்த குவளைக்குத்தான் மொட்டக்கா விழுந்தாள்.

கல்யாணம் முடிந்து ஒரு வாரம் கழித்து இருவரும் வேலைக்குத் திரும்பியபோது அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் தொங்கியது. தொட்டி பார்க்கிறவரும் அதை எண்ணிச் சான்று சொல்கிறவரும் ஒரே குடும்பமாக இருந்தால் ஒரே ஷிப்டில் இருக்கக் கூடாது. முன்னே ஒரு காலத்தில் எவனோ ஒரு மச்சான், தன் மச்சானின் கெட்டுப்போன தொட்டியை நல்லது என்று எழுதிவிட்டானாம். செய்தவன் எவனோ, தண்டம் கட்டியவர்கள் இவர்கள். அவளுக்குக் காலை ஆறு முதல் இரண்டு. அவருக்கு இரண்டு முதல் பத்து.

வீட்டில் சேர்ந்துதானே இருப்பார்கள் என்று கேட்கலாம். கேளுங்கள். அவர் வந்து செருப்பைக் கழற்றும்போது அவள் தூங்கியிருப்பாள். அவள் விடியலில் கிளம்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். ஒருவர் விழித்திருக்கும் முகத்தைவிடத் தூங்கும் முகத்தைத்தான் இன்னொருவர் அதிகம் பார்த்திருக்கிறார். வார விடுமுறையும் ஆளுக்கொரு நாள். அதில் கிடைக்கும் அரை நாளைப் பல் டாக்டரும், கேஸ் சிலிண்டரும், வங்கி வரிசையும் தின்றுவிடும். மகள் பிறந்த பிறகு இந்த ஏற்பாடே ஒருவகையில் சௌகரியம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்கள். பிள்ளையோடு கிட்டத்தட்ட எந்நேரமும் ஒருத்தர் இருந்தார். ஒருத்தருக்கு ஒருத்தர்தான் இல்லாமல் போனார்கள்.

மகள் நர்சிங் படிக்க விடுதிக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. போகும்போது கிண்டலாகச் சொன்னாள்: "உங்க ரெண்டு பேரையும் ஒண்ணா பாக்கணும்னா கல்யாண ஆல்பத்ததான் திறக்கணும்." மொட்டக்கா சிரித்தாள். அப்புறம் சமையலறையில் போய்ச் சும்மா நின்றாள். பிள்ளைக்காகப் பொறுத்தோம் என்று சொல்லிக்கொள்ள இனிப் பிள்ளையும் வீட்டில் இல்லை. அவள் ஷிப்டை மாற்றித் தரச் சொல்லி மூன்று முறை மனு எழுதினாள். மூன்று முறையும் ஒரே பதில் வந்தது, விதி விதிதான் என்று. விதியாம், பெரிய தலைவிதி!

ஆக, மிச்சம் அந்த இருபது நிமிடம். அவர் ஒன்று நாற்பதுக்கே வந்துவிடுவார். கிடங்குக்குப் பின்னால் கை கழுவும் குழாய் இருந்தது, அதன் பக்கத்தில் ஒரு சிமெண்டு மேடை. அவள் தன் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு அங்கே வருவாள். இரண்டு மணிச் சங்கு ஊதும்வரை பேசுவார்கள். என்ன பேசுவார்கள்? பால் திரிந்தது, தண்ணீர் வரவில்லை, மகள் போன் பண்ணினாள். குழாயடிப் பேச்சு என்று ஆலையே கேலி செய்யும். நாள் முழுக்க அவள் சேர்த்துவைத்துப் பேசுகிற பேச்சு அது. காலை எட்டு மணிக்கே, இதை அவரிடம் சொல்லணும், அதைச் சொல்லணும் என்று மனதுக்குள் அடுக்க ஆரம்பித்துவிடுவாள். அவரைப் பார்த்ததும் பாதி மறந்துபோகும்.

அன்றைக்கு நல்ல வெயில். தார் ரோடு செருப்பில் ஒட்டியது. சிமெண்டு மேடை சுட்டதால் இருவரும் நின்றுகொண்டே பேசினார்கள். படுக்கையறை மின்விசிறி சத்தம் போடுகிறது என்று அவர் சொன்னார். அவளுக்கு ஆச்சரியம்.

"எனக்கு ஒரு சத்தமும் கேக்கலையே?"

"நீ மூணுல வச்சுத் தூங்குற. நான் அஞ்சுல வைக்கிறேன். அஞ்சுலதான் கத்துது."

இருபத்திரண்டு வருடம் ஒரே விசிறிக்கடியில் படுக்கிறோம், அவர் ஐந்தில் வைப்பார் என்பதே எனக்குத் தெரியாதே என்று அவள் நினைத்தாள். சங்கு ஊதிவிட்டது. அவர் கிளம்பத் திரும்பினார். அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"இருங்க, ஒரு நிமிஷம்."

"சங்கு ஊதிருச்சும்மா."

"ஊதட்டும். இருபத்திரண்டு வருஷமா ஊதிட்டுத்தான் இருக்கு."

அவர் நின்றார். ஒரு நிமிடம் ஐந்து நிமிடமானது. பேசியது என்னவோ அந்த விசிறியைப் பற்றித்தான்.

அந்த ஐந்து நிமிடம்தான் வினையானது. ஷிப்டுக்கு வருகிற தொட்டிக்காரர் முதலில் பம்பு அறைக்குப் போய், குளிர்ந்த நீர் வருகிற குழாயின் வடிகட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். பார்த்த பிறகுதான் தாளில் கையெழுத்து. வெயில் காலத்தில் காய்ந்த இலைகள் தண்ணீரில் விழுந்து வடிகட்டியை அடைக்கும். அன்று அவர் ஓட்டமாக ஓடிப்போய், முந்தைய ஷிப்ட்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, முதலில் கையெழுத்தைப் போட்டுவிட்டார். வடிகட்டியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். பெருகுகிற ஈஸ்ட் தானாகவே சூட்டைக் கக்கும். சுற்றிலும் குளிர்ந்த நீர் ஓடவில்லையென்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும். முப்பதில் இருக்க வேண்டிய தொட்டி முப்பத்துநான்கைத் தொட்டதும் மணி அடித்தது.

வாசலில் காவலாளியிடம் பேசிக்கொண்டு நின்ற மொட்டக்காவுக்கு அது எந்தத் தொட்டியின் மணி என்று தெரியும். திரும்பி ஓடினாள்.

பம்பு அறையில் அவர் முழங்கை வரை நனைந்து, வடிகட்டியிலிருந்து இலையைக் கை கையாக அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். பாகையும் நிறுத்தியிருந்தார். சுத்தம் செய்து மாட்டித் தண்ணீர் மறுபடி ஓடுவதற்குள் தொட்டி நாற்பதைத் தொட்டுவிட்டது. அப்போது மணி மூன்று.

மேலாளர் வந்தார். வயது முப்பத்தைந்து இருக்கும். அந்த வெயிலிலும் கசங்காத சட்டை போடுவார் என்பதால் அவருக்குக் கஞ்சிச்சட்டை என்று பெயர். கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் நின்று கேட்க அவருக்கு நேரம் இருக்காது.

"வடிகட்டி பாத்தீங்களா?"

"பாக்கல சார்."

"கையெழுத்து?"

"போட்டுட்டேன்."

கஞ்சிச்சட்டை நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவருக்கு இன்னொரு தலைவலியும் இருந்தது. மதிய ஷிப்டில் எண்ண வேண்டிய பையனுடைய மனைவிக்குப் பிரசவ வலி, அவன் வர மாட்டான் என்று அப்போதுதான் போன் வந்திருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். மொட்டக்கா நின்றாள்.

"உங்களை விட்டா ஆள் இல்லம்மா. எண்ணிச் சொல்லுங்க. விதி தெரியும்ல? சொல்லிட்டு உடனே கிளம்பிடணும்."

அவள் சொட்டு எடுத்தாள், சாயம் கலந்தாள், கண்ணை வைத்தாள். இருபத்தாறு வருடத்தில் அப்படி ஒரு வெறுமையைப் பார்த்ததில்லை. காலையில் நூறுக்கு நாற்பது மொட்டு என்று எழுதிய அதே தொட்டி. இப்போது உருண்டை உருண்டையாக, மழமழவென்று, தனித்தனியாகக் கிடந்தது. தேடித் தேடி இரண்டு மொட்டு, அதுவும் பழைய மொட்டு. ஆனால் நீலம்? நூறில் மூன்றுதான் நீலம். மிச்சம் தொண்ணூற்றேழும் வெள்ளை வெளேரென்று சாயத்தை வெளியே நிறுத்திக்கொண்டு நின்றன.

"மொட்டே இல்லைன்னா செத்துருச்சுன்னுதானே அர்த்தம்? கொட்டிடலாம். தொட்டியக் கழுவி நாளைக்குப் புதுசா போடலாம்," என்றார் கஞ்சிச்சட்டை. பிறகு அவள் கணவரைப் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கொட்டினா நான் மேல எழுதித்தான் ஆகணும். எழுதினா உங்கள அடுத்த ஆலைக்கு மாத்துவாங்க. என் கையில இல்ல."

அடுத்த ஆலை என்பது ரயிலில் ஒரு நாள் தூரம். அங்கே போனால் குழாயடி ஏது, இருபது நிமிடம் ஏது? தூங்குகிற முகம்கூட இல்லாமல் போகும். இருந்த கொஞ்சத்தையும், இன்னும் கொஞ்சம் வேண்டுமென்று சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக் கெடுத்தவள் அவள்தானே.

"சார், செத்தது வேற, நின்னது வேற," என்றாள். "சூடு ஏறினா அது மொட்டு விடாது. இருக்கிற உயிரக் காப்பாத்திக்கிட்டுச் சும்மா நிக்கும். இன்னும் கொஞ்ச நேரம் நாற்பதுல கிடந்திருந்தா நீலமாயிருக்கும். இப்ப நீலமாகல. ஆற விட்டா திரும்ப மொட்டு விடும்."

"உங்க வீட்டுக்காரர் தொட்டிங்கறதால சொல்றீங்களா?"

"நீங்களே பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். முதல் தடவை மைக்ரோஸ்கோப் பார்க்கிற எல்லாருக்கும் தெரிவதுதான் அவருக்கும் தெரிந்தது. "ஏதோ கறுப்பா கோடு கோடா ஆடுது," என்றார்.

"அது உங்க கண் இமை சார்."

அவர் நிமிர்ந்தார். சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மொட்டக்கா விடவில்லை. "ஆக்கப் பொறுத்தவங்க ஆறப் பொறுக்கக் கூடாதா சார்? மூணு நாளா வளத்த தொட்டி."

"ஏழு மணி," என்றார் அவர். "ஏழு மணிக்குள்ள மொட்டு வந்தா தொட்டி பிழைக்கும், இவருக்கு வெறும் எச்சரிக்கையோட விட்டுடறேன். வரலைன்னா கொட்டணும். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் எண்ணுங்க. மொட்டு வந்த உடனே எனக்குச் சொல்லிட்டு நீங்க வீட்டுக்குப் போயிடணும்."

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மாடி ஏறி இறங்க முடியாது என்பதால் மைக்ரோஸ்கோப்பைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே, இரும்புத் தளத்தின் மேல் ஒரு சின்ன மேஜையில் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு பக்கம் அவள் ஸ்டூல், எதிர்ப்பக்கம் அவர் ஸ்டூல். நடுவில் எண்ணும் புத்தகம். மூன்றரைக்குத் தொட்டி முப்பதுக்கு இறங்கியது. அவர் பாகைச் சொட்டுச் சொட்டாகத் திறந்துவிட்டார். இனிக் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

முதல் அரை மணி நேரம் வேலையிலேயே போனது. அவர் குவளையில் எடுத்துவந்து, வெளிப்பக்கத்தைச் சட்டைக் கையால் துடைத்து வைத்தார். அவள் எண்ணினாள். புது மொட்டு சுழி. மறுபடி சுழி.

நாலரை மணிக்கு அவள் நிமிர்ந்து பார்த்தபோது அவர் தொட்டியின் சூட்டைக் குறிக்கிற தாளைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"கிட்டத்துல கலங்குது."

"எப்பலேருந்து?"

"ஒரு ரெண்டு வருஷமா இருக்கும்."

"எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"தினமும் சொல்லணும்னுதான் வருவேன். நீ பால் திரிஞ்ச கதைய ஆரம்பிச்சிருவ."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு அழுகை வரும் போலிருந்தது. அதன் பிறகு எண்ணுவதும் பார்ப்பதுமாக இருந்தாள். சொட்டை எண்ணுவாள், அவரைப் பார்ப்பாள். காதோரம் முழுக்க நரைத்திருந்தது. யோசிக்கும்போது கீழுதட்டைக் கடிக்கிற பழக்கம் அப்படியே இருந்தது. பம்பு நிற்கிறதா ஓடுகிறதா என்று காதைச் சாய்த்துக் கேட்கும்போது வாயைக் கொஞ்சம் திறந்துவைத்துக்கொள்வார், அதை மறந்தே போயிருந்தாள். அவருடைய சாப்பாட்டு டப்பாவைத் திறந்து இருவரும் சாப்பிட்டார்கள். அவள் கட்டிக்கொடுத்ததுதான். அவர் எதை முதலில் சாப்பிடுகிறார், எதை ஓரமாக ஒதுக்குகிறார் என்று அன்றுதான் பார்த்தாள்.

"காய ஒதுக்குறீங்களே, பிடிக்காதா?"

"இத்தனை வருஷமா ஒதுக்குறேன்."

"காலி டப்பாதானே வீட்டுக்கு வருது?"

"பூனைக்குப் போடுவேன். ஆலைப் பூனை உன் சமையல்லதான் வளந்துச்சு."

"ஏங்க! பூனைக்காகவா விடியக்காலைல எழுந்து அரியறேன்!" என்று அவர் கையில் ஓர் அடி போட்டாள். அடித்த கையை எடுக்க மனம் வரவில்லை. அவரும் நகர்த்தவில்லை. கீழே தொட்டியில் காற்று கொப்பளிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இதைத்தான், இந்த ஒன்றுமில்லாத பேச்சைத்தான், இப்படி எதிரெதிரே உட்கார்ந்திருப்பதைத்தான் இத்தனை காலமாக வேண்டிக்கொண்டிருந்தேன் என்று அவளுக்குத் தோன்றியது. பெரிதாக ஒன்றும் கேட்கவில்லையே. ஒரு மேஜையும் இரண்டு ஸ்டூலும்தானே.

ஐந்து நாற்பதுக்குச் சொட்டை வைத்துக் கண்ணைப் பதித்தாள். மூன்றாவது கட்டத்தின் மூலையில், ஓர் உருண்டையின் தோளில், கடுகைவிடச் சின்னதாக ஒன்று எட்டிப்பார்த்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு குமிழைத் திருகினாள். தூசி இல்லை. மொட்டு! நல்ல, புத்தம் புதிய மொட்டு. அவளுக்கு எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. கை தானாகப் புத்தகத்தில் எழுதியது: 5.40, மொட்டு 1.

"வந்துச்சா?" என்று கேட்டார் அவர்.

மொட்டு வந்த உடனே சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். வாயைத் திறந்தால் இந்த மேஜை போய்விடும், இந்த ஸ்டூல் போய்விடும். நாளைக்கு மறுபடி குழாயடி. ஏழு மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்று மனது கணக்குப் போட்டது.

"இன்னும் இல்ல," என்றாள்.

ஐந்து ஐம்பதுக்கு நான்கு மொட்டு. நான்கு என்று எழுதினாள். "வந்துச்சா?" "இன்னும் இல்ல." ஆறு மணிக்கு எட்டு. எட்டு என்று எழுதினாள். "வந்துச்சா?" "இல்லங்க." ஆறு பத்துக்குப் பதிமூன்று. அவர் பயந்துகொண்டிருப்பாரே, இந்த மனுஷனை இப்படித் தவிக்க விடுகிறோமே என்று நெஞ்சு குத்தியது. இருந்தும் அவர் ஒவ்வொரு முறை மேஜையில் சாய்ந்து முகத்தருகே வந்து கேட்கும்போதும், இன்னும் ஒரே ஒரு தடவை, இன்னும் ஒரு பத்து நிமிடம் என்று ஆசை பிடித்து இழுத்தது. பேராசைதான். இருபத்திரண்டு வருடப் பட்டினி அப்படித்தான் இருக்கும்.

ஆறு இருபதுக்கு இரும்புப் படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. கஞ்சிச்சட்டை பாதிப் படியிலிருந்தே பேச ஆரம்பித்துவிட்டார். "போதும்மா, ஏழு வரைக்கும் காக்க முடியாது. தலைமை ஆபீஸ்லேருந்து போன் மேல போன். கொட்டிட்டுக் கழுவச் சொல்றாங்க. வால்வத் திறங்க."

தொட்டிக்காரர் எழுந்தார். மனிதர் அவ்வளவு மெதுவாக எழுந்து அவள் பார்த்ததில்லை. ஸ்டூலை ஒழுங்காக உள்ளே தள்ளினார். கையைத் துணியில் துடைத்தார். ஒரு விரல், இன்னொரு விரல். அவளையே பார்த்துக்கொண்டு வால்வின் சக்கரத்தில் கையை வைத்தார்.

"வந்துருச்சு!" மொட்டக்கா போட்ட சத்தத்தில் குவளை உருண்டது. "வந்துருச்சு சார்! மொட்டு வந்துருச்சு! திறக்காதீங்க!"

கஞ்சிச்சட்டை இந்த முறை இமையை ஒதுக்கிப் பார்க்கக் கற்றுக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார். "அட, ஆமா!" என்றார். முகம் சின்னப் பையன் முகம் போல ஆகிவிட்டது. பிறகு நிமிர்ந்து, கையெழுத்துப் போடுவதற்காகப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். வரிசையை மேலிருந்து கீழே படித்தார். மறுபடி மேலே போனார். ஐந்து நாற்பதில் விரல் நின்றது. அவளைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

"நீங்க வீட்டுக்குப் போகலாம்மா," என்றார்.

தொட்டி பிழைத்தது. மறுநாள் காலை நூறுக்கு முப்பத்தைந்து என்று எழுதினாள். பதினொரு மணிக்கு அவள் மேஜைக்கு ஒரு கடிதம் வந்தது. மொட்டு தென்பட்டது 5.40, தகவல் சொன்னது 6.20, நாற்பது நிமிடத் தாமதத்துக்கு இன்றைக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரவும். அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஆனால் அவளுக்குப் பெரிய பயம் அந்தக் கடிதத்தைப் பற்றி இல்லை. நாற்பது நிமிடம் வேண்டுமென்றே தவிக்கவிட்டாள் என்று தெரிந்தால் அவர் என்ன நினைப்பார்?

ஒன்று நாற்பதுக்குக் குழாயடியில் கடிதத்தை நீட்டினாள். அவர் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் படித்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மன்னிச்சிருங்க. உங்க உசுரு போய்க்கிட்டிருந்திருக்கும். நான் பாட்டுக்கு..."

"எனக்கு எதுக்கு உசுரு போகணும்? அஞ்சு நாற்பதுக்கே பாத்துட்டேனே."

"எதை?"

"புத்தகத்த. ஒண்ணுன்னு எழுதின. அப்புறம் நாலு, எட்டு, பதிமூணு."

"உங்களுக்குத்தான் கண்ணு தெரியாதே!"

"கிட்டத்துலதான் தெரியாது. நீ எதிர்ல உக்காந்திருந்த. அந்தத் தூரம் சரியா இருந்துச்சு."

ஒவ்வொரு பத்து நிமிடமும் அவர் சாய்ந்து, வந்துச்சா, வந்துச்சா என்று கேட்டதை எல்லாம் மறுபடி நினைத்துப் பார்த்தாள். "தெரிஞ்சுக்கிட்டேதான் கேட்டீங்களா?"

"கேக்கலைன்னா நீ 'இன்னும் இல்ல'ன்னு எப்படிச் சொல்லுவ?" என்றார் அவர்.

அவள் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள். அழுதது தெரியக் கூடாதென்று கழுவியது, அவருக்குத் தெரியாமலா இருக்கும். முந்தானையால் துடைத்துக்கொண்டு, "விளக்கம் என்னன்னு எழுத?" என்றாள்.

"கண்ணு வலி, உறுதி பண்ண நேரமாச்சுன்னு எழுதிடு. முடிஞ்சு போச்சு."

"எனக்குத்தான் பொய் எழுத வராதே."

"சொல்ல மட்டும் நல்லா வருது!" என்று அவர் சிரித்தார். சங்கு ஊதியது. அவள் சட்டைக் கையைப் பிடிக்கவில்லை. அவர் இரண்டடி நடந்து, நின்று, திரும்பிப் பார்த்தார். "விசிறிய மூணுலயே வச்சுக்கறேன்," என்று சொல்லிவிட்டு நேராகப் பம்பு அறைக்குப் போனார். வடிகட்டி மூடி திறக்கிற சத்தம் கேட்கும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

பிறகு எண்ணும் அறைக்குத் திரும்பி ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். கண் வலி என்று எழுத இரண்டு முறை பேனாவை வைத்தாள், கை நகரவில்லை. மூன்றாவது முறை ஒரே வரியில் எழுதினாள்: என் கணவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். கீழே கையெழுத்துப் போட்டு, பழக்கத்தில் நேரத்தையும் எழுதி, கஞ்சிச்சட்டையின் மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.